பரிசீலனையில் இருந்த குழாய்

அண்ணாத்த,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். எழுத்தெல்லாம் கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ‘ழ’ போடும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ‘ஞ’ மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அந்த எழுத்து வருகிற சொல் வந்தால் சுற்றிக்கொண்டு வேறு சொல்லில் போகிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நாள் ஆகிறது. அவசரம் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை.

பத்து மாதமாக முதியோர் வகுப்புக்குப் போகிறேன். நம் தெரு முனையில் இருக்கிற அங்கன்வாடிதான். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குட்டி நாற்காலிகளில் எங்களை உட்கார வைக்கிறார் டீச்சரம்மா. முழங்கால் வந்து தாடையில் இடிக்கும். ஆனாலும் சொல்கிறேன், இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உப்புப் பொட்டலம், தீப்பெட்டி, பஸ் பலகை, சுவரொட்டி என்று எதையும் விடுவதில்லை. தெருவில் நின்று வாய்விட்டுப் படிக்கிறேன். என் வீட்டுக்காரி சரோஜா பத்தடி தள்ளி நடக்கிறாள்.

நம் தெருவுக்குப் பின்னால் காலியாக ஒரு மனை கிடந்ததே, அதில் ஒரு பலகை நின்றதே, அதையும் படித்துவிட்டேன். ‘பூங்காவுக்கான இடம். இங்கே துணி உலர்த்தக் கூடாது.’ அந்தப் பலகையின் காலில்தான் நம் இரண்டு வீட்டுக் கொடியும் கட்டியிருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் டீச்சரம்மா, வீட்டில் இருக்கிற பழைய காகிதம் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து செவ்வாய்க்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும் என்றார். என் வீட்டில் ரேஷன் கார்டைத் தவிர காகிதம் ஏது? அண்ணியிடம் கேட்டேன். அண்ணி உன் தகரப் பெட்டியைத் திறந்து மூன்று பழுப்புக் கவர்களை எடுத்துக் கொடுத்தார். பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன். குழாய்க்காக நீ கொடுத்த மனுவுக்கு வந்த பதில்கள்.

“இதப் படி. அவரு அன்னிக்குப் படிச்சத இன்னொரு தபா கேக்கணும்” என்றார் அண்ணி.

திங்கட்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி முதல் கவரைப் படித்தேன். சாயங்காலம்தான் கடைசி வரிக்கு வந்தேன். நீ தெருவைக் கூட்டி வைத்துப் படித்துக் காட்டியதற்கும் அதில் இருப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உனக்கும் எழுத்து தெரியாது, அண்ணாத்த.

எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். உனக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அந்தக் குழாயை இன்றைக்கும் உன் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். அண்ணி அதன் பக்கமாகப் போகும்போது இன்றும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போவார். இருப்பதை இருக்கிறபடி அவர் முன்னால் படிப்பதா, அல்லது நீ படித்த மாதிரியே நானும் படித்துவிட்டு உட்காருவதா?

நாம் இரண்டு பேரும் ஒரே கம்பெனி, கார் உதிரி பாகங்களைப் பெட்டியில் அடைக்கிற ஒரே பிரிவு. உனக்கு வேலை டிக் போடுவது. வரிசையாக வருகிற பெட்டியை எண்ணி, எண்ணிக்கை சரியாக இருந்தால் மூலையில் ஒரு டிக். அதற்காகச் சட்டைப் பையில் பேனா. அந்தப் பேனாவோடு ஊருக்குள் நடந்தால் போதாதா? நம் தெருவே உன்னைப் படித்தவர் என்றது. டீக்கடையில் பேப்பரை விரித்துப் பிடித்துப் படங்களைப் பார்த்துவிட்டு, “நாட்டு நெலம ஒண்ணும் சரியில்லப்பா” என்பாய். எந்த நாளுக்கும் பொருந்துகிற செய்தி. யாரும் மறுத்ததில்லை.

என் வேலை எழுத்து அடிப்பது. ‘பத்திரமாகக் கையாளவும்’ என்று இங்கிலீஷில் வெட்டிய தகட்டைப் பெட்டி மேல் வைத்து, கறுப்பு மையை அடித்து, தகட்டை எடுத்தால் எழுத்து நிற்கும். தகட்டில் என்ன வெட்டியிருக்கிறது என்று அன்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒருநாள் தகட்டைப் புரட்டி வைத்து நாற்பது பெட்டிக்கு அடித்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து கத்தினார்.

“இன்னாய்யா, பெட்டியோட ஒரு கண்ணாடியும் சேத்து அனுப்பணுமா? கண்ணாடியில பாத்தாத்தான படிக்க முடியும்!” பிறகு உன் பக்கம் திரும்பினார். “நாப்பதுக்கும் டிக் போட்டுகீறியே, நீ இன்னா பாத்த?”

“டிக்கு எண்ணிக்கைக்குத்தான் சார். எழுத்துக்கு இல்ல” என்றாய்.

அன்று முழுவதும் மண்ணெண்ணெய்த் துணியால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த நாற்பதையும் துடைத்தோம். நீ என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாய் என்று நினைத்தேன். நான் கவனக் குறைவாக இருந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். நாள் முழுக்க இங்கிலீஷில் எழுத்து அடிக்கிறவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யார்தான் நினைப்பார்கள்?

அப்போது தெருவில் எல்லாம் இருந்தது. வாசலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. கரண்ட் இருந்தது. அகலமான ரோடு இருந்தது. இரண்டு வீட்டுக்கு ஒரு டிவி இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. சரோஜாவும் அண்ணியும் விடிவதற்குள் ஏரிப் பக்கத்துப் பம்புசெட்டுக்குப் போய் ஆளுக்கு நான்கு நடை நடப்பார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. நாம் முதல் ஷிப்டுக்குக் குளித்துவிட்டுப் போவோம்.

மனு கொடுக்க வேண்டும் என்றது நீதான். இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுச் செங்கல்பட்டுக்குப் போனோம். கோர்ட்டுப் பக்கத்தில் மரத்தடியில் டைப் அடிக்கிறவர் முன்னால் நீ குந்தினாய், நான் பின்னால் நின்றேன்.

“எந்த ஊரு?”

“மறைமலைநகர். என்.எச்.”

“ஹைவே மேலயா வூடு?”

“ஆமா. அதுக்குத்தான் என்.எச்.னு பேரே வெச்சிக்கீறாங்க.”

“அப்போ ரோடு போடுறாங்களே, அந்த ஆபீஸுக்குத்தான் போடணும்” என்று சொல்லிவிட்டு அவர் தட்ட ஆரம்பித்தார்.

நாம் இரண்டு பேரும் அதை அப்படித்தான் நம்பியிருந்தோம். பெரிய ரோட்டையும் என்.எச். என்கிறார்கள், நம் பகுதியையும் என்.எச். ஒன்று, என்.எச். இரண்டு என்கிறார்கள். பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டோம். இப்படித்தான் தண்ணீர்க் குழாய் கேட்டு ரோடு போடுகிற ஆபீஸுக்கு மனு போயிற்று.

முதல் பதில் வந்த அன்று தெருவே உன் வாசலில் கூடியது. நீ கண்ணாடியைத் துடைத்தாய். காகிதத்தைத் தள்ளிப் பிடித்தாய், கிட்டே பிடித்தாய். உதடு அசைந்தது. பிறகு தலை நிமிர்ந்து சொன்னாய்: “மனு பரிசீலனையில் உள்ளது.”

அந்தச் சொல்லை யூனியன் கூட்டத்தில் கேட்டிருப்பாய். யாருக்கும் அர்த்தம் தெரியவில்லை. ஆனால் நல்ல சொல் மாதிரி இருந்தது. உடனே காகிதத்தை என்னிடம் நீட்டினாய். “நீயும் பாருப்பா. அப்பிடித்தான போட்டுகீது?”

நான் வாங்கினேன். மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். கறுப்பாக, சதுர சதுரமாக, நன்றாக அடித்திருந்தார்கள். மை எங்கும் வழியவில்லை. வேலைக்காரன் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. “அப்பிடியேதான் போட்டுகீது அண்ணாத்த” என்று தலையாட்டினேன். உன் முகம் விரிந்ததே, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று அது பெருமை என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது, அது நிம்மதி. குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகப் போய்விட்டதே என்ற நிம்மதி.

அதற்குப் பிறகு தெருவில் அந்தச் சொல்தான். சோறு ஆயிற்றா என்று கேட்டால், “பரிசீலனைல கீது” என்பாள் சரோஜா. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்றால் அதுவும் பரிசீலனை. ஒருமுறை அண்ணி காலிக் குடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, “இதுல பரிசீலனை ரொம்பி வழியுது பாருங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய்.

மறுவருடமும் மனு, அதற்கு அடுத்த வருடமும் மனு. அதே மரத்தடி, அதே டைப். பதில் வரும். நீ படிப்பாய், நான் தலையாட்டுவேன். இரண்டாவது வருடம் மழையில் பம்புசெட்டு வரப்பில் சரோஜா விழுந்தாள். பிளாஸ்டிக் குடம், அது உடையவில்லை. மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. இன்றும் அந்தக் கையால் துணி பிழிய முடியாது. அவளும் இப்போது வகுப்புக்கு வருகிறாள். என் எழுத்து இடப்பக்கம் சாயும், அவள் எழுத்து வலப்பக்கம். எனக்குப் பழக்கம் போதாமல் சாய்கிறது. அவளுக்குக் கையே அப்படி.

பிறகு ஊர் முழுவதும் குழாய் போட்டார்கள். எல்லாத் தெருவுக்கும் வந்தது, நம் தெருவுக்கும் வந்தது. “பரிசீலனை முடிஞ்” என்று ஆரம்பிக்கிற ஒரு கூச்சல் தெருவில் எழுந்தது. (பார், அந்த எழுத்து வந்துவிட்டது. டீச்சரம்மா கையைப் பிடித்துப் போட்டுக் கொடுத்தார்.) உனக்கு மாலை போட்டார்கள். நீ திட்டு வாங்குகிறவன் மாதிரி நின்றாய். “இவன் கையால தொறக்கச் சொல்லுங்க, இவன்தான் படிச்சிப் பாத்துச் சொன்னான்” என்று என்னை முன்னால் தள்ளினாய். நான்தான் திருகினேன். முதலில் செம்மண் நிறத்தில் துப்பியது. பிறகு தெளிந்தது.

அந்த வருடம்தானே நாம் இரண்டு குடும்பமும் மாமல்லபுரம் போனோம். செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக. பாறையில் செதுக்கிய யானைகளுக்கு முன்னால் ஒரு பெரிய பலகை நின்றது. சரோஜா, “ரெண்டு படிச்ச ஆம்பளைங்க கீறீங்களே, இன்னா எழுதிக்கீதுன்னு சொல்றது!” என்றாள்.

“நீ சொல்லுப்பா” என்றாய்.

“அண்ணாத்த இருக்கும்போது நான் சொல்றதா?”

“நான் கண்ணாடி எடுத்தாரல.”

“அது உன் மூக்கு மேலதான் குந்திகினு கீது” என்றார் அண்ணி.

நீ தொண்டையைச் செருமினாய். “ராஜா காலத்துல செதுக்குனது. மேல ஏறக் கூடாது. எச்சி துப்பக் கூடாது. அவ்ளோதான் போட்டுகீது.” என்னைப் பார்த்தாய். நான் தலையாட்டினேன்.

அப்புறம் பெண்கள் இரண்டு பேரும் பாசிமணிக் கடையில் நிற்க, நாம் கடலோரத்தில் நின்றோம். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தாய். கடலைப் பார்த்தபடியே கேட்டாய்: “ஏம்பா, அந்த மூணு கடுதாசியும் நீ நல்லாப் பாத்துத்தான சொன்ன?”

“பாத்துத்தான் சொன்னேன் அண்ணாத்த.”

“முழுசா?”

“முழுசா.”

ஒரு அலை வந்து சுருட்டிய பேன்ட்டையும் நனைத்துவிட்டுப் போயிற்று. “சரி, வுடு” என்றாய். நான் விட்டுவிட்டேன். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். இரண்டு பேரும் கடலைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. பென்ஷன் காகிதம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் மார்பு வலி என்றாய். கம்பெனி வண்டி வருவதற்குள் ஓய்ந்துவிட்டாய். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போனேன். அண்ணி பின் வரிசையில், சரோஜாவுக்குப் பக்கத்தில். அண்ணி எனக்கு முன்பே வகுப்பில் சேர்ந்தவர். ஆனால் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை. டீச்சரம்மா என்னை எழுப்பினார். நின்றேன்.

“தங்... கள்... மனு... பெறப்... பட்டது.” இதுவரை உண்மை. “மனு... வில்... கோரப்... பட்டுள்ள... குடி... நீர்க்... குழாய்... அமைக்கும்... பணி...”

அங்கே நின்றுவிட்டேன். அண்ணியைப் பார்த்தேன். அண்ணி குழாய் சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என் வாய் தானாகச் சொல்லிற்று: “பரிசீலனையில் உள்ளது.”

மற்றதையெல்லாம் எழுத்துக் கூட்டித் திக்கித் திக்கிப் படித்தவன், அதை மட்டும் தண்ணீர் மாதிரி சொன்னேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

அண்ணி எழுந்தார். “இன்னொரு தபா படி.”

“பரிசீலனையில்...”

“அந்த எடத்துல ‘இ’ கீது. நீ ‘ப’ன்னு படிக்கிற. ‘ப’ எங்க கீது, காட்டு.”

நான் அந்த வரியில் விரலை வைத்தேன். ‘இ’தான் இருந்தது.

“போன மாசமே மூணையும் நான் படிச்சிட்டேன். நீ இன்னா படிக்கிறேன்னு பாக்கத்தான் குடுத்தேன்” என்றார்.

“அண்ணி, அண்ணாத்த பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்...”

“அந்த மனுசனுக்கு எழுத்து தெரியாதுன்னு கண்ணாலம் ஆன வருசமே எனக்குத் தெரியும். அவரு படிச்சத நான் எங்க நம்புனேன்? நீ தலையாட்டுனியே, அதத்தான் நம்புனேன்.”

சரோஜா தன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒரு தபாவா? மூணு தபா ஆட்டுனாரு” என்றாள். அதற்கு யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. நின்றுகொண்டேதான் இருந்தார்.

நான் திரும்பப் படித்தேன். இருக்கிறபடி. உனக்கும் எழுதிவிடுகிறேன், நீயும் இதுவரை அறியாதது: ‘குடிநீர்க் குழாய் அமைக்கும் பணி இவ்வலுவலகத்திற்குச் சம்பந்தப்பட்டதல்ல. தாங்கள் உரிய அலுவலகத்தை அணுகவும்.’ இரண்டாவது கவரில், ‘ஏற்கெனவே தெரிவித்தபடி’ என்று ஆரம்பம். மூன்றாவதில், ‘ஏற்கெனவே இருமுறை தெரிவித்தபடி.’ அதன் அடியில் யாரோ ஒரு நல்ல மனிதர் பேனாவால் எழுதியிருக்கிறார்: ‘ஐயா, உங்கள் ஊர் ஆபீஸிலேயே கொடுங்கள். நடந்து போகிற தூரம்தான்.’

நடந்து போகிற தூரம்தான், அண்ணாத்த. சரோஜா விழுந்த வரப்பை விடக் கிட்டே.

என்.எச். என்றால் என்ன என்றும் டீச்சரம்மா சொன்னார். அது ரோடு இல்லையாம். ‘நெய்பர்ஹுட்’ என்று இங்கிலீஷ் சொல்லாம். தமிழில் அக்கம்பக்கம் என்று அர்த்தமாம். “உங்க அட்ரஸே அக்கம்பக்கம்தான் ஐயா” என்றார். இருபது வருடம் உன் பக்கத்து வீட்டில் அதே அட்ரஸில் இருந்திருக்கிறேன்.

வகுப்பு விட்டதும் அண்ணியும் சரோஜாவும் உன் குழாயடியில் நின்று கை கழுவினார்கள். அந்தப் பெயரை யாரும் மாற்றப் போவதில்லை. “இத்தன வருசமாக் கூப்ட்டாச்சு, வுடு” என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, “இதெல்லாத்தையும் அவருக்கு எழுது. நீ தலையாட்டுனதையும் சேத்து எழுது. நான் படிச்சிப் பாப்பேன்” என்றார். அதனால்தான் இந்தக் கடுதாசி. உன் பேனாவை அண்ணிதான் வைத்திருக்கிறார். படித்து முடித்ததும் இதன் மூலையில் டிக் போடுவாராம். எண்ணிக்கைக்கு இல்லை, எழுத்துக்கு.

எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் சட்டென்று தலை அசைவதில்லை. டீக்கடையில் யாராவது நாட்டு நிலைமை சரியில்லை என்றால், எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறது என்று கேட்கிறேன். என்னைக் கண்டாலே பேப்பரை மடித்துவிடுகிறார்கள்.

இந்த வாரக் கடைசியில் நாங்கள் மூன்று பேரும் மாமல்லபுரம் போகிறோம். யானைகளுக்கு முன்னால் இருக்கிற அந்தப் பலகையைப் படிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு வரி என்று சரோஜா பங்கு போட்டுவிட்டாள். நீ சொன்னது சரியாகவும் இருக்கலாம். எப்படியும் அடுத்த செவ்வாய்க்குள் உனக்கு எழுதிவிடுவேன், அங்கே போட்டிருப்பதை மட்டும். போகிற நாளின் பெயரில் அந்தக் கஷ்டமான எழுத்து இருக்கிறது. பத்து தடவை போட்டுப் பார்த்தேன். இது பதினோராவது, யாரும் கையைப் பிடிக்கவில்லை:

ஞாயிற்றுக்கிழமை.